விடுன்னு சொல்ற வரைக்கும்

கால் கீழ போயிருச்சு. தரை வரைக்கும் போயிருச்சு. அப்படின்னா பின்னாடி சக்கரத்துல அவரு காத்தை எடுக்கற நிப்பிளைத் திறந்துட்டாருன்னு அர்த்தம். திறந்தா பிரேக் பெடல் தானா இறங்கும், அது எனக்குத் தெரியும், எம்புள்ள கவி காலேஜ் சேர்ந்த வருசம் வாங்குன காரு இது, அன்னைல இருந்து இந்தச் சோலிக்கு நான்தான் கூட்டாளி. அவரு சக்கரத்தைக் கழட்டிட்டுக் கீழ உக்காந்துக்குவாரு, நான் டிரைவர் சீட்டுல ஏறிக்குவேன். “மிதி”ம்பாரு, மிதிப்பேன். “பிடி”ம்பாரு, பிடிச்சுக்குவேன். அவரு நிப்பிளைத் திறப்பாரு, பைப்புக்குள்ள மாட்டியிருக்கற காத்து பிரேக் ஆயிலோட சேர்ந்து புசுபுசுன்னு பாட்டிலுக்கு வரும், ஒடனே ஸ்பேனரைப் போட்டு முடுக்கீருவாரு, முடுக்கீட்டு “விடு”ம்பாரு. அப்பத்தான் காலை எடுக்கோணும். அதுக்கு முன்னாடி எடுத்தா வெளிக்காத்து உள்ள ஏறிரும், பண்ணுனது அத்தனையும் வீண். முதல் தடவை தெரியாம எடுத்துட்டேன். ஐயோ, அன்னைக்கு அவரு போட்ட சத்தம்! “வானமே இடிஞ்சு விழுந்தாலும் நான் சொல்லாம விடாத, கோகிலா”ன்னாரு. மூக்கை உறிஞ்சிட்டே மறுபடியும் மொதல்ல இருந்து மிதிச்சேன். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட நான் தப்பா விட்டதில்ல. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கியரு தெரியாது, ஒண்ணும் தெரியாது, ஆனா பிரேக்கைப் பிடின்னா பிடிச்சுக்கத் தெரியும். இப்பவும் பிடிச்சுட்டுத்தான் இருக்கறேன். அவருதான் விடுன்னு சொல்லல.

சொல்லுவாரு. பழைய நிப்பிளு, இறுகிப் போயிருக்கும், இல்ல ஸ்பேனர் வழுக்கியிருக்கும், துணியெடுத்துத் துடைச்சுட்டு இருப்பாரு. “ஏனுங்க”ன்னு கூப்பிட்டேன். சத்தமில்ல. திரும்பிப் பார்க்கலாம்னா எப்படிப் பார்க்கறது? சீட்டு அவரு காலுக்குத் தக்கன பின்னாடி தள்ளிக் கெடக்குது, நான் நுனியில உக்காந்து ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு விரல் நுனியால எட்டி அமுத்தியிருக்கறேன், சித்தெ திரும்புனாலும் கால் நழுவீரும். கண்ணாடியில பார்த்தா வண்டியோட கூரைதான் தெரியுது, அதுவும் அவரு உசரத்துக்குத் திருப்பி வெச்சதுதானே. இந்த வண்டிக்குள்ள எனக்குன்னு திருப்பி வெச்ச சாமான் ஒண்ணுகூட இல்ல. தகரக் கொட்டாய்க்குள்ள வெயில் எறங்குது, முதுகுல ஜாக்கெட்டு ஒட்டிக்கிச்சு, சீட்டுல போட்டிருக்கற துண்டுல அவரு தேங்காயெண்ணெ வாசம். மறுபடியும் “ஏனுங்க”ன்னேன். வீட்டுக்குள்ள பேத்தி போட்டிருக்கற டிவிதான் கத்துது, ஏதோ பூனையும் எலியும் ஓடற சத்தம். வண்டி ஜாக்கி மேலதானே நிக்குது. ஜாக்கி நழுவியிருந்தா? இல்ல, நழுவுனா வண்டி ஆடியிருக்கும், ஆடல. நெஞ்சு வலின்னு சாஞ்சிருந்தா? சாஞ்சா ஸ்பேனர் விழுந்திருக்கும், அந்தத் தரையில ஸ்பேனர் விழுந்தா பக்கத்து வீதிக்குக் கேக்கும். சாமி, கருப்பராயா, நல்லா இருக்கோணும். காலை எடுத்துட்டு எறங்கி ஓடிப் பார்த்துரலாமான்னு இடுப்பு எந்திரிச்சுது, கால் எந்திரிக்கல. பாருங்களேன் கூத்தை, மனுசன் என்னவானாருன்னு தெரியல, இந்தக் கால் மட்டும் அவரு பேச்சைக் கேட்டுட்டு அங்கயே நிக்குது. அப்ப வீட்டுக்குள்ள இருந்து இருமல் சத்தம் வந்துச்சு. அவரு இருமல். அடுப்படியில டம்ளர் எடுக்கற சத்தம். நல்லா இருக்காரு, உசுரோட இருக்காரு, காப்பி கலக்கறாரு. நான் மூச்சு விட்டேன். அப்புறந்தான் உறைச்சுது. என்னை இங்க வெச்சுட்டு எப்படி அங்க காப்பி கலக்கறாரு?

மறந்துட்டாரு. சொல்லீட்டேன், மனசுக்குள்ள சொல்லீட்டேன், இத்தனை நாள் அந்த வார்த்தையை வாய்க்குள்ளயே விடாம வெச்சிருந்தேன். மூக்குக்கண்ணாடிய எங்கியோ வெச்சுட்டுத் தேடறதை நான் மறதின்னு சொல்லல, அது எனக்குந்தான் இருக்குது. பம்பு செட் கம்பெனியில டூல் ரூம் போர்மேனா இருந்த மனுசன், நாச்சிமுத்து கை பட்டா இரும்பு பேசும்பாங்க, இந்தக் காரை இன்னைக்கு வரைக்கும் ஒரு ஒர்க்ஷாப்புக்கு விட்டதில்ல, கிளட்ச்சு, சைலன்சரு, ஹெட்லைட்டு எல்லாம் இந்தக் கொட்டாய்லயே பார்த்துக்குவாரு. அப்படிப்பட்டவரு போன ஆடியில ஒருநாள் என்னைக் கூட்டிட்டு மார்க்கெட்டுக்குன்னு கெளம்பி வண்டியைக் கொண்டுபோய்ப் பழைய கம்பெனி கேட்டு முன்னாடி நிறுத்தி ஹாரன் அடிச்சாரு. ரிட்டையராகி எத்தனையோ வருசமாச்சு, வாட்ச்மேன் புது ஆளு, யாருங்க வேணும்னு கேக்கறான். அவரு என் முகத்தைப் பார்த்தாரு. அந்தப் பார்வையை நான் ஆருகிட்டயும் சொல்லல. “சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம் தம்பி”ன்னு நான்தான் சமாளிச்சேன். அதுல இருந்து பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு வாய் ஓயாம பேசறதுதான் என் வேலை. திரும்புங்கன்னு சொன்னா கோவம் பொத்துக்கிட்டு வருமே! அதனால “அட, இந்த லெஃப்ட்ல இருக்கற பேக்கரிய இன்னும் மூடலீங்க பாருங்க”ம்பேன், கை தானா இண்டிகேட்டரைப் போடும். “சிக்னல் தாண்டுனா அந்த டாக்டரு வீட்டுச் செவுத்துக்கு என்ன கலரு அடிச்சிருக்கான் பாரு, வாந்தி எடுத்தாப்புல”ம்பேன், நேரா போவாரு. “உனக்கு வர வர வாய் எச்சாயிருச்சு புள்ள”ன்னு சிரிப்பாரு. ஆமாங்க, எச்சாயிருச்சு. வாயை மூடுனா நீங்க எந்த ஊருக்குப் போவீங்களோன்னு பயந்து பயந்து பேசறேன். வீட்டுக்கு வந்து தலைவலின்னு படுத்துக்குவேன். போச்சாது, போனா போகுது, வயசானா எல்லாருக்கும் வரதுதான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.

ஆனா இது பிரேக்கு. காலையில பிரேக் ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டி உள்ள இருக்கற ரப்பரையெல்லாம் மாத்துனாரு, அதைக் கழட்டுனா நாலு பைப்பிலயும் காத்து ஏறிரும், நாலு சக்கரத்துலயும் எடுக்கோணும். பின்னாடி லெஃப்ட்டுதான் மொதல்ல, தூரமா இருக்கறதுல இருந்து ஆரம்பிக்கறது அவரு வழக்கம். பண்ணுனோம். நல்லா வந்துச்சு. அப்புறம் ரைட்டுக்குப் போவாருன்னு பார்த்தேன், சத்தம் மறுபடியும் லெஃப்ட்ல இருந்தே வருது. “அது பண்ணியாச்சுங்களே”ன்னேன். “எனக்குச் சொல்லித் தர்றியா?”ன்னாரு. மறுபடியும் மிதி, பிடி, விடு. முடிச்சாரு, எந்திரிச்சாரு, கையைத் துடைச்சுட்டு வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்தாரு, நடந்து வந்து பழையபடி அதே லெஃப்ட்டு. இந்தத் தடவை நான் ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லல? சொன்னா அந்தப் பார்வை பார்ப்பாரே, கம்பெனி கேட்டு முன்னாடி பார்த்த பார்வை, அதுக்குப் பயந்துட்டு மிதின்னா மிதிச்சேன், பிடின்னா பிடிச்சேன். இப்ப இங்க உக்காந்திருக்கறேன். கூப்பிட்டா வருவாரு, நல்லா தொண்டையைத் திறந்து கத்துனா டிவி சத்தத்தையும் மீறிக் கேக்கும். வந்தா? “என்ன”ம்பாரு. “என்னை மறந்துட்டுப் போயிட்டீங்க”ன்னு நான் சொல்லோணும். அதை எப்படி அந்த மூஞ்சியப் பார்த்துச் சொல்றது? அதுக்கு இந்தக் கால் இங்கயே மரத்துப் போகட்டும். கனமொண்ணும் இல்ல பாருங்க, நிப்பிளு திறந்து கெடக்கறதால பெடல்ல பலமே இல்ல, ஒரு குழந்தைகூட அமுத்திப் பிடிச்சுக்கலாம். ஆனா எடுக்க முடியாது. கெண்டைக்கால் சதை துடிக்குது. லெஃப்ட் காலைத் தூக்கி ரைட் கால் மேல வெச்சேன், அது இன்னும் மோசம், ரெண்டும் மாட்டிக்கிச்சு. பின் சீட்டுல குடை கெடக்குது, அதை எடுத்துப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல முட்டுக் குடுத்தா நான் எறங்கீரலாம், கை எட்டல. எனக்குப் பதிலா ஒரு குடை போதும், அதுகூடக் கெடைக்கல.

கொட்டாயை ஒட்டித்தான் முன்ரூம் சன்னல். அவரு போன் அடிச்சுது, எடுத்தாரு. “சொல்லு சாமி”ங்கறாரு, அப்படின்னா கவி. கோத்தகிரியில இருக்கறா, மாப்பிள்ளைக்கு அங்க தேயிலைத் தொழிற்சாலையில வேலை. லீவுக்கு வந்த பேத்தி ஆதிரையை நாளைக்குக் காலையில நாங்க கொண்டுபோய் விடறதா பேச்சு, திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கறாங்க. அவரு குரல் தெளிவா கேக்குது. தெம்பான குரலு. “வண்டி ரெடி சாமி. மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாத்தீட்டேன். பிரேக்கு கல்லாட்டம் நிக்குது. நாலு சக்கரமும் முடிச்சாச்சு.” நாலு சக்கரமும். நான் பெடலைப் பார்த்தேன். தரையோட ஒட்டிக் கெடக்குது என் கால். நாலு சக்கரமுமா? கோத்தகிரி மலை கண்ணு முன்னாடி வந்துச்சு, ஏர்றப்ப ஒண்ணுமில்ல, ஏத்தம் வண்டியத் தானா பிடிச்சுக்கும், ஆனா அங்கங்க ஒரு இறக்கம் வருமே, எதுக்க பஸ்ஸு வருமே, வளைவுல ஆதிரை பின்னாடி நின்னுக்கிட்டு “தாத்தா குரங்கு, தாத்தா குரங்கு”ன்னு அவரு தோளைத் தட்டுவாளே. வளைவுக்கு வளைவு நான் என்னத்தைப் பேசி வண்டியை நிறுத்துவேன்? பேக்கரின்னு சொன்னா வண்டி திரும்பும், நிக்குமா? “அம்மா எங்க? உள்ளதான் எங்கயோ இருப்பா, சமையக்கட்டுல”ங்கறாரு. சமையக்கட்டுல இருக்கறனாம். எனக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு, இத்தனை நேரம் வராதது. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவரு கூப்பிட்ட எடத்துல உக்காந்திருக்கறேன், நான் எங்க இருக்கறேன்னு அவருக்குத் தெரியாம போன நாள் ஒண்ணு இருந்துச்சா?

டேஷ்போர்டு மேல என் போன் இருக்குது. எடுத்தேன். வெச்சேன். இது துரோகம். கவிக்குத் தெரிஞ்சா மாப்பிள்ளைக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா சாவியைப் புடுங்குவாங்க, டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போவாங்க, இன்னைக்கு என்ன கிழமைன்னு சின்னப் பையனைக் கேக்கறாப்புல கேப்பாங்க. கேட்டா அவரு செத்துப் போயிருவாரு. உடம்பு இருக்கும், அவரு இருக்க மாட்டாரு. வேண்டாம், நான் பார்த்துக்கறேன், நாளைக்குக் காலையில எனக்கு வயித்தால போகுதுன்னு படுத்துக்கறேன், வண்டி கெளம்பாது. ஆமா, அப்புறம்? அடுத்த நாளு? இந்த வண்டி ரெடின்னு அவரு நம்பிட்டாரு, நான் தூங்கறப்ப பால் வாங்கீட்டு வர்றேன்னு எடுத்தாருன்னா? முன்னாடி வீதியில பந்து வெளையாடற புள்ளைங்க நின்னா? எத்தனை நாளைக்கு வயித்தால போகும் எனக்கு? வண்டியை நிறுத்தற வேலையத்தானே எங்கிட்டக் குடுத்தாரு. நிறுத்தோணும்னா இப்ப நான்தான் நிறுத்தோணும். போனை எடுத்தேன், போட்டேன், ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டா. “அம்மா, இப்பத்தான் அப்பாகிட்ட...” “கவி, குறுக்க பேசாத. நாளைக்கு நாங்க வரல. வண்டி ரெடியாகல.” “அப்பா நாலு சக்கரமும்...” “ஒரு சக்கரந்தான் சாமி. அதையே மூணு தடவை பண்ணீட்டாரு. மூணாவது தடவை பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் இன்னும் பிரேக்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறேன்.” கவிக்கு இந்த வேலை தெரியும், காலேஜ் போறப்ப பின் சீட்டுல உக்காந்து கூடச் சேர்ந்து “விடு விடு”ன்னு கத்துனவதான. “எப்ப இருந்தும்மா?” “போன ஆடியில இருந்து.” “ஏம்மா சொல்லல?” அவ அழறா. நான் ஏன் சொல்லல? “எனக்குச் சொல்லத் தெரியல கண்ணு”ன்னேன். “மாப்பிள்ளையைக் காலையில பஸ்ஸுல வரச் சொல்லு, புள்ளையைக் கூட்டிட்டுப் போகட்டும். அப்பாகிட்ட நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க, என் தலைமேல சத்தியம்.” வெச்சுட்டேன்.

சொல்லியாச்சு. நெஞ்சு லேசாகும்னு பார்த்தா பொக்குனு இருக்குது. அவரு முதுகுக்குப் பின்னாடி பேசீட்டேனே. பூனை எலிச் சத்தம் நின்னுருச்சு, டிவியை அணைச்சுட்டா போல. செருப்புச் சத்தம் வருது. தேச்சுத் தேச்சு நடக்கற அவரு நடை. கையில காப்பி டம்ளரோட கொட்டாய்க்குள்ள வந்தவரு என்னைப் பார்த்து நின்னாரு, ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு நுனி சீட்டுல உக்காந்திருக்கற என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு, சிரிச்சாரு. “என்ன புள்ள, டிரைவரம்மா எங்க கெளம்பீட்டீங்க?” நல்ல சிரிப்பு. கல்யாணம் ஆன புதுசுல என்னைச் சீண்டறப்ப சிரிக்கற அதே சிரிப்பு. நானும் சிரிச்சுட்டு எறங்கீரலாம். சும்மா உக்காந்து பார்த்தேனுங்கன்னு ஒரு பொய், அவ்வளவுதான், நிப்பிளு திறந்து கெடந்தா கெடக்கட்டும், நாளைக்குத்தான் வண்டி போகப்போறதில்லையே. வாய் வரைக்கும் வந்துச்சு அந்தப் பொய். இத்தனை நாள் சொன்ன பொய்யோட பொய்யா அதுவும் போயிருக்கும். ஆனா கால் நடுங்குச்சு, முழங்கால்ல இருந்து தொடை வரைக்கும், அவரு கண்ணு அந்த நடுக்கத்துல வந்து நின்னுச்சு. “நீங்க இன்னும் விடுன்னு சொல்லலீங்க”ன்னேன்.

சிரிப்பு அப்படியே இருந்துச்சு, கண்ணுல மட்டும் ஆள் இல்ல. டம்ளரைப் பானெட்டு மேல வெச்சாரு. பின்னாடி போனாரு. கழட்டுன சக்கரம், பாட்டிலு, டியூப்பு, தரையில கெடக்கற ஸ்பேனரு, எல்லாத்தையும் பார்த்திருப்பாரு, எனக்குத் தெரியல, என் கண்ணுக்கு முன்னாடி காப்பி டம்ளர்ல ஆவி போகுது, அவ்வளவுதான். அப்புறம் ஸ்பேனர் நிப்பிள்ல மாட்டற சத்தம். முடுக்கற சத்தம். அப்புறம் அவரு குரலு, எனக்குத் தெரியாத சின்னக் குரலு.

“விடு.”

எடுக்கப் பார்த்தேன். வரல. “கால் வரலீங்க, மரத்துப் போச்சு”ன்னேன். வந்து கதவைத் திறந்தாரு, கீழ மண்டி போட்டு உக்காந்தாரு, ஆயில் கையோட என் கணுக்காலைப் பிடிச்சுத் தூக்கிப் பெடல்ல இருந்து எடுத்து அவரு மடியில வெச்சுக்கிட்டாரு. உள்ளங்காலைத் தேய்க்கறாரு. ஆயிரம் ஊசி குத்துது, நான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

“ரொம்ப நேரமா?”

“இல்லீங்க, இப்பத்தான்.”

அவரு நம்பல. தேச்சுட்டே இருந்தாரு. வழுக்கை விழுந்த உச்சந்தலைதான் எனக்குத் தெரியுது, அதுல ஒரு கரித்தடம், தொடைச்சு விடலாமான்னு கை போச்சு, ஆனா தொடல.

“எந்தச் சக்கரம் புள்ள பண்ணீட்டிருந்தேன்?”

“பின்னாடி லெஃப்ட்டுங்க.”

“மத்ததெல்லாம்?”

எத்தனை பேச்சுப் பேசியிருக்கறேன் பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு, இதுக்கு ஒரு பேச்சும் வரல எனக்கு. அவரு தேய்க்கறதை நிறுத்துனாரு. கையை மட்டும் எடுக்கல.

“கவிக்குப் போன் போடு”ன்னாரு. “வண்டி ரெடியாகலைன்னு சொல்லு. மாப்பிள்ளை வந்து புள்ளையைக் கூட்டிட்டுப் போகட்டும்.” அப்புறம், “நான் சொன்னேன்னு சொல்லு. நீயா சொல்றாப்புல சொல்லாத”ன்னாரு.

“சரிங்க, சொல்லீர்றேன்.”

போட்டேன். அவரு முன்னாடியே போட்டேன். கவி எடுத்தா, மூக்கடைச்ச குரலு, “என்னம்மா, என்னாச்சு?”ன்னா.

“கவி, அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. வண்டி இன்னும் ரெடியாகலியாமா. நாளைக்கு மாப்பிள்ளையை வந்து ஆதிரையைக் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு.”

எனக்குப் பயமா இருந்துச்சு, இப்பத்தான நீ சொன்னியேம்மான்னு கேட்டுருவாளோன்னு. கேக்கல. எம்புள்ள கேக்கல.

“அப்பாவேவா சொன்னாரு?”

“ஆமாஞ்சாமி”ன்னேன். “அப்பாவேதான் சொன்னாரு.”